அப்போலோ கான்ஃபிக் சர்வர்: ஒன்பது ஜாவா சர்வீஸ்களை இணைத்த பிறகு

எங்களிடம் ஒன்பது ஜாவா சர்வீஸ்கள், எல்லாமே ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் எழுதியவை. ஒவ்வொன்றின் ஜார் கோப்புக்குள்ளும் அதனதன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு, அதாவது டைம்அவுட், டேட்டாபேஸ் முகவரி போன்ற கான்ஃபிக் மதிப்புகள், இருக்கும். போன வருடம் ஒரு மாலை பணம் கட்டும் பக்கம் திணற ஆரம்பித்தது. வெளியே நாங்கள் கூப்பிடும் ஒரு கேட்வே மெதுவாகிவிட்டது, எங்கள் டைம்அவுட்டோ 30 நொடி, அதனால் வந்த கோரிக்கை ஒவ்வொன்றும் ஆளுக்கொரு த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்றது. என்ன செய்ய வேண்டும் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது: மில்லிநொடிக் கணக்கில் இருந்த 30000 என்ற எண்ணை 3000 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. கோப்பைத் திருத்தி, ரிவ்யூ வாங்கி, பில்ட் ஓட்டி, டெஸ்ட் முடியும்வரை காத்திருந்து, ஆறு இன்ஸ்டன்ஸையும் (ஒரே சர்வீஸின் ஓடும் பிரதிகள்) ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றி. அந்த நாற்பது நிமிடம்தான் எங்களை மைய கான்ஃபிக் சர்வர் பக்கம், அதாவது எல்லா சர்வீஸ்களின் கான்ஃபிக்கையும் ஒரே இடத்தில் வைத்துக் கொடுக்கும் சர்வர் பக்கம், தள்ளியது. பதினோரு மாதமாக அப்போலோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்பதில் எட்டு சர்வீஸ்கள் அதில்தான் இருக்கின்றன. இதைப் போட யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று பட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். அப்போலோ என்று தேடினால் கிராஃப்க்யூஎல் அப்போலோ வரும், பைடுவின் தானோட்டிக் கார் அப்போலோ வரும். நான் சொல்வது சீனாவின் சிட்ரிப் நிறுவனம், இப்போது ட்ரிப்.காம் குழுமம், தங்கள் சொந்தத் தேவைக்காக எழுதி 2016இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட கான்ஃபிக் சர்வர். அப்பாச்சி 2.0 லைசென்ஸ், காசு கிடையாது. சர்வரும் ஜாவாதான், ஸ்பிரிங் பூட் மேல் எழுதியது. ஜாவா தெரிந்த டீம் உள்ளே புகுந்து பார்க்க முடியும், நாங்கள் இரண்டு மூன்று முறை பார்த்தும் இருக்கிறோம்.

வேறு என்னவெல்லாம் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் க்ளவுட் கான்ஃபிக் எல்லாருக்கும் தெரிந்தது. கிட் ரெப்போவில் கோப்புகளை வைத்தால் 8888 போர்ட்டில் ஒரு சர்வர் அதை எடுத்துக் கொடுக்கும். கிட் இருப்பதால் வரலாறு தானாக வந்துவிடுகிறது, அது பெரிய வசதி. ஆனால் மாற்றியதை ஓடும் அப்ளிகேஷனுக்குச் சொல்ல ரெஃப்ரெஷ் எண்ட்பாயிண்டை ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் தட்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் க்ளவுட் பஸ் போட்டு அதற்கு ராபிட்எம்க்யூவோ காஃப்காவோ பின்னால் நிறுத்த வேண்டும். ஒரு எண்ணை மாற்ற ஒரு மெசேஜ் புரோக்கரா என்று எங்களுக்கு மனசு வரவில்லை. அலிபாபாவின் நாக்கோஸ் நல்ல சரக்கு, 2018இல் வந்தது. கான்ஃபிக்கோடு சர்வீஸ் டிஸ்கவரியும் (எந்த சர்வீஸ் எந்த முகவரியில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது) சேர்ந்தே இருக்கும், 2.0இலிருந்து ஜிஆர்பிசி இணைப்பு. எங்களுக்கு டிஸ்கவரி தேவையில்லை, எங்கள் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது. கான்ஃபிக்கை யார் திருத்தலாம், யார் வெளியிடலாம் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடுதான் எங்களுக்கு முக்கியம், அதில் அப்போலோவின் போர்ட்டல், அதாவது பிரவுசரில் கான்ஃபிக்கைத் திருத்தும் பக்கம், ஒரு படி மேலே இருந்தது. அதனால் அப்போலோ.

நிறுவுவது கொஞ்சம் வேலை. மூன்று துண்டுகள்: கான்ஃபிக் சர்வீஸ் 8080இல், அட்மின் சர்வீஸ் 8090இல், போர்ட்டல் 8070இல். மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேட்டாபேஸ், ஒன்று போர்ட்டலுக்கு, இன்னொன்று கான்ஃபிக்குக்கு. இதில் இரண்டாவது ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனியாக வேண்டும். டெவ், யூஏடி (பயனர் சோதனை), ப்ரொடக்‌ஷன் என்று மூன்று சூழல் இருந்தால் மூன்று கான்ஃபிக் டேட்டாபேஸ், மூன்று ஜோடி கான்ஃபிக் சர்வீஸும் அட்மின் சர்வீஸும், ஆனால் போர்ட்டல் மட்டும் ஒன்றுதான், எல்லாச் சூழலையும் அங்கிருந்தே பார்க்கலாம். சும்மா சுவை பார்க்க க்விக் ஸ்டார்ட் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், டாக்கரிலும் இருக்கிறது, அதை ஓட்ட அரை மணி நேரம் போதும். போர்ட்டலில் முதலில் நுழைய யூசர் அப்போலோ, பாஸ்வேர்ட் அட்மின். அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

ஜாவா பக்கம் இணைப்பது உண்மையிலேயே எளிது. மேவனில் அப்போலோ கிளையன்ட் என்ற ஒரே ஒரு டிபெண்டன்சி. அப்புறம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: இந்த அப்ளிகேஷனின் ஆப் ஐடி என்ன, மெட்டா சர்வரின் (கான்ஃபிக் சர்வீஸ் எங்கே என்று கிளையன்டுக்குச் சொல்லும் பகுதி) முகவரி என்ன, எந்தச் சூழல், எந்த நேம்ஸ்பேஸ்களை (கான்ஃபிக் தொகுப்புகளை) எடுக்க வேண்டும். ஸ்பிரிங் பூட் என்றால் பூட்ஸ்ட்ராப் எனேபிள்டு என்பதை ட்ரூ ஆக்கினால் பீன்கள் (ஸ்பிரிங் உருவாக்கி வைக்கும் ஆப்ஜெக்ட்கள்) உருவாவதற்கு முன்பே மதிப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். லாக் லெவல்களையும் அப்போலோவிலேயே வைக்க நினைத்தால் ஈகர் லோட் என்ற இன்னொன்றையும் ட்ரூ ஆக்க வேண்டும், அப்போதுதான் லாகிங் சிஸ்டம் எழுவதற்கு முன் கான்ஃபிக் வரும். இதற்கு ஒரு விலை உண்டு: லாகிங் எழும் முன்னரே அப்போலோ ஓடுவதால் அந்த நேரத்தில் அப்போலோவுக்கு ஏதாவது கோளாறு என்றால் அதன் லாக்கே வராது. இணைப்பில் சிக்கல் என்று தோன்றினால் முதலில் ஈகர் லோடை அணைத்துவிட்டுப் பாருங்கள், நிறைய நேரம் மிச்சமாகும்.

சூழலின் பெயரையும் மெட்டா முகவரியையும் ஜாருக்குள் வைக்க வேண்டாம். அப்போலோ அதற்கென்று ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது: லினக்ஸ் மெஷினில் ஆப்ட் செட்டிங்ஸ் ஃபோல்டரில் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு கோப்பு, இந்த மெஷின் எந்தச் சூழல் என்று அதில் இருக்கும். ஜார் ஒன்றுதான், எந்த மெஷினில் இறக்குகிறோமோ அந்தச் சூழலின் கான்ஃபிக்கைத் தானே எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர் உலகில் இதையே என்வைரன்மென்ட் வேரியபிளாகக் கொடுக்கிறோம். யூஏடிக்கான ஜாரைத் தவறி ப்ரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டோம் என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை, இது எனக்கு மிகப் பெரிய நிம்மதி.

எங்களை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது டாக்கர். கான்ஃபிக் சர்வீஸைக் கன்டெய்னரில் ஏற்றியாயிற்று, போர்ட்டலில் கான்ஃபிக்கை எழுதி வெளியிட்டாயிற்று, மெட்டா முகவரியை பிரவுசரில் தட்டினால் பதில் வருகிறது, ஆனால் லேப்டாப்பில் ஓடும் அப்ளிகேஷன் மட்டும் கான்ஃபிக்கை எடுக்க முடியவில்லை என்று புலம்புகிறது. லாக்கை வரி வரியாகப் படித்தபோது 172.17 என்று தொடங்கும் ஒரு ஐபி கண்ணில் பட்டது. அது டாக்கரின் உள் நெட்வொர்க் ஐபி. நடப்பது இதுதான்: கான்ஃபிக் சர்வீஸுக்குள் யுரேகா என்ற சர்வீஸ் பதிவேடு இருக்கிறது, சர்வீஸ் தன் ஐபியை அங்கே பதிந்துகொள்கிறது. கிளையன்ட் முதலில் மெட்டா சர்வரிடம் போய்க் கான்ஃபிக் சர்வீஸ் எங்கே என்று கேட்கும், மெட்டா யுரேகாவைப் பார்த்து அந்த உள் ஐபியை நேர்மையாகச் சொல்லும், கிளையன்ட் அங்கே போய்க் கதவைத் தட்டினால் வெளியிலிருந்து யாராலும் போக முடியாத இடம். இதற்கு இரண்டு தீர்வு. சர்வர் பக்கம் யுரேகாவில் பதியும் முகவரியை நாமே குறிப்பிடலாம். அல்லது கிளையன்ட் பக்கம் கான்ஃபிக் சர்வீஸின் முகவரியை நேரடியாகக் கொடுத்து மெட்டாவைத் தாண்டிப் போகலாம். டெவலப்பர்களின் லேப்டாப்புக்கு நாங்கள் இரண்டாவது வழியைத்தான் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, புதியவர்கள் எல்லாருமே தடுக்கி விழும் கல். போர்ட்டலில் சேவ் செய்வது வேறு, வெளியிடுவது வேறு. சேவ் செய்ததோடு நிறுத்திவிட்டால் கிளையன்டுக்கு ஒன்றும் போகாது, கான்ஃபிக் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்று லாக்கில் வரும். அந்த வரியை அப்படியே நம்புங்கள், பத்தில் எட்டு முறை அதுதான் காரணம்.

சரி, வெளியிடும் பட்டனை அமுக்கியதும் என்ன ஆகிறது? எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இது. அட்மின் சர்வீஸ் ஒரு டேபிளில் ஒரு வரியை எழுதுகிறது, இந்த ஆப், இந்த நேம்ஸ்பேஸ் மாறியிருக்கிறது என்று. கான்ஃபிக் சர்வீஸ்கள் அந்த டேபிளை நொடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கின்றன. தனியாக மெசேஜ் க்யூ எதுவும் கிடையாது, டேட்டாபேஸே க்யூ. இன்னொரு பக்கம் நம் ஜாவா கிளையன்ட் ஏற்கெனவே ஒரு எச்டிடிபி கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. சர்வர் அதற்குப் பதில் சொல்லாமல் 60 நொடி வரை பிடித்து வைத்திருக்கும். அதற்குள் மாற்றம் வந்தால் உடனே பதில் போகும், வராவிட்டால் 304, அதாவது மாற்றமில்லை, என்று சொல்லி அனுப்பிவிடும், கிளையன்ட் மறுபடியும் வந்து வரிசையில் நிற்கும். மாற்றம் என்று தெரிந்ததும் கிளையன்ட் போய் முழுக் கான்ஃபிக்கையும் எடுத்து வரும். இவ்வளவு போதாது என்று, ஏதாவது காரணத்தால் அந்த அறிவிப்பு தவறிப்போனாலும் சரியாகிவிடட்டும் என்று 5 நிமிடத்துக்கு ஒரு முறை கிளையன்ட் தானாகவும் கேட்டுப் பார்க்கிறது. எல்லாம் சாதாரண எச்டிடிபி என்பதால் நடுவில் இருக்கும் ஃபயர்வால், ப்ராக்ஸி எதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், நடுவில் இருக்கும் லோட் பேலன்சரின் டைம்அவுட் 60 நொடிக்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது இணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை இதைப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு திரையில் ஆறு இன்ஸ்டன்ஸின் லாக்கும் ஓடுகிறது, இன்னொரு திரையில் போர்ட்டல். டைம்அவுட்டை 3000இலிருந்து 2500 ஆக்கி வெளியிட்டேன். விரலை எடுப்பதற்குள் லாக்கில் வரிகள் விழ ஆரம்பித்தன, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, இரண்டு நொடிக்குள் ஆறும் முடிந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்த அந்த மாலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி இப்போதும் பக்கத்தில்தான் இருந்தான். "இன்னொரு தடவை பண்ணுங்கண்ணே" என்றான். பண்ணினேன்.

இத்தனை புகழ்ந்தாயிற்று, இப்போது எச்சரிக்கை. புதிய மதிப்பு அப்ளிகேஷனின் வாசல் வரை வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. வாசலுக்கு வந்ததை உள்ளே வேலை செய்யும் ஆப்ஜெக்ட் எடுத்துக்கொண்டதா என்பது முற்றிலும் நம் பொறுப்பு. அப்போலோ போட்டுவிட்டோம், எல்லாம் டைனமிக் ஆகிவிட்டது என்று நினைக்கும் டீம்கள் இங்கேதான் அடிபடுகின்றன, நாங்களும் பட்டோம்.

வேல்யூ அன்னொட்டேஷன் போட்ட ஃபீல்டுகளை அப்போலோ தானாகவே புதுப்பிக்கும், ரெஃப்ரெஷ் ஸ்கோப் எதுவும் வேண்டாம். செட்டர் மெத்தடில் போட்டிருந்தாலும் வேலை செய்யும். ஆனால் கன்ஸ்ட்ரக்டர் பராமீட்டரில் போட்டிருந்தால் ஆப்ஜெக்ட் உருவானபோது கிடைத்ததே கடைசி வரைக்கும். எங்கள் டீமில் கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் எல்லாம் வர வேண்டும் என்பது பல வருட விதி, நல்ல விதியும்கூட, அதனால் எங்கள் கோடில் முக்கால்வாசி மதிப்புகள் மாறவே இல்லை. கான்ஃபிகரேஷன் ப்ராப்பர்ட்டீஸ் என்று கூட்டாகக் கட்டும் கிளாஸ்களும் அப்படித்தான், தானாக மாறாது. மாற்றம் வரும்போது நாமே ஒரு லிஸனர் எழுதி என்வைரன்மென்ட் சேஞ்ச் ஈவண்டைத் தூண்ட வேண்டும். அப்போலோவின் ஆவணத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கனெக்‌ஷன் பூல் இன்னொரு கதை. டேட்டாபேஸ் இணைப்புகளை வைத்திருக்கும் ஹிக்காரி பூல் ஒரு முறை ஆரம்பித்துவிட்டால் அதன் கான்ஃபிக் பூட்டப்பட்டுவிடும். அதிகபட்ச அளவு, டைம்அவுட் போன்ற சிலவற்றை மட்டும் அதன் எம்பீன் என்ற நிர்வாக இடைமுகம் வழியாக ஓடும்போதே மாற்றலாம். டேட்டாபேஸ் முகவரியை மாற்ற வேண்டுமென்றால் புதுப் பூல் கட்டிப் பழையதை இறக்க வேண்டும். த்ரெட் பூல் பார்ப்பதற்குச் சுலபம், அதற்கு செட்டர்களே இருக்கின்றன. ஆனால் கோர் அளவை 10இலிருந்து 40 ஆக்கி, மேக்ஸ் இன்னும் 20இலேயே இருக்கும்போது கோரை முதலில் செட் செய்தால் ஜாவா 9இலிருந்து எக்ஸெப்ஷன் விழும். கூட்டும்போது மேக்ஸை முதலில், குறைக்கும்போது கோரை முதலில். இரண்டு கீயும் (கான்ஃபிக் மதிப்பின் பெயர்) ஒரே வெளியீட்டில் வந்தாலும் எது முதலில் என்று நம் லிஸனர்தான் பார்த்துச் செய்ய வேண்டும். க்யூவின் கொள்ளளவோ, லிங்க்டு ப்ளாக்கிங் க்யூ என்றால், மாற்றவே முடியாது. இப்படி ஒவ்வொரு கீயாக உட்கார்ந்து, இது உண்மையிலேயே ஓடும்போது மாறுமா, ரீஸ்டார்ட் வேண்டுமா என்று பிரித்து, போர்ட்டலில் அந்தக் கீயின் கமென்ட் பெட்டியிலேயே எழுதி வைத்தோம். ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரத்தைத் தவிர்க்காதீர்கள்.

எங்களுக்கு மிகவும் வலித்த சம்பவம் இதுதான். எங்கள் டீமில் ஒருவர் இன்னொரு டைம்அவுட் கீயில் 800 என்பதற்குப் பதிலாக 800எம்எஸ் என்று யூனிட்டோடு சேர்த்து எழுதி வெளியிட்டுவிட்டார். கோடில் அது இன்ட். போர்ட்டலில் ஒரு எச்சரிக்கையும் இல்லை, ஏனென்றால் போர்ட்டலுக்கு அது வெறும் எழுத்து. கிளையன்ட் புது மதிப்பை எடுத்தது, இன்டாக மாற்றப் பார்த்தது, முடியவில்லை, லாக்கில் ஒரு எரர் வரியை எழுதிவிட்டுப் பழைய மதிப்போடு தன் வேலையைத் தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் விழாமல் இருக்க இதுதான் சரியான நடத்தை. போர்ட்டலில் இன்ஸ்டன்ஸ் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே புதிய வெளியீட்டில் இருப்பதாகக் காட்டியது, அதுவும் உண்மைதான், எடுத்துக்கொண்டு போயின. இரண்டு நாள் கழித்து அதிகாலையில் குபெர்னெட்டீஸ் ஒரு நோடை (மெஷினை) காலி செய்தபோது பாட்கள் (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) புதிதாக எழப் பார்த்தன. எழும்போது 800எம்எஸ்ஸை இன்டாக மாற்ற முடியாமல் பீன் உருவாகவில்லை, பாட் விழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. அந்த நேரத்தில் கோடில் எந்த மாற்றமும் போகவில்லை, டெப்ளாய் எதுவும் இல்லை, அதனால் காரணத்தை எங்கே தேடுவது என்றே ஒரு மணி நேரம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். தானாகப் புதுப்பிக்கும்போது தோற்றால் கிளையன்ட் எழுதும் அந்த எரர் வரிக்கு அலர்ட் வைத்தோம். அப்புறம் முக்கியமான கீகள் எல்லாவற்றையும் வேல்யூ அன்னொட்டேஷனிலிருந்து எடுத்து, சேஞ்ச் லிஸனர் ஒன்றின் கையில் கொடுத்தோம்: மதிப்பு எண்ணா, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால்தான் உள்ளே மாற்றும், மாற்றியதும் "இந்தக் கீ இப்போது இந்த மதிப்பில் ஓடுகிறது" என்று தன் வாயால் சொல்லும். போர்ட்டல் சொல்வதைவிட அந்த வரியைத்தான் இப்போது நம்புகிறோம். இடைவெளி எழுத்துகளுக்கு மட்டும் போர்ட்டலிலேயே உதவி இருக்கிறது. கீயைத் திருத்தும் பெட்டியில் மறைந்திருக்கும் ஸ்பேஸ், டேப், புதுவரி ஆகியவற்றைக் காட்டும் ஒரு பட்டன். யூஆர்எல்லை எங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டும்போது அதை அமுக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் வால் பிடித்து வந்திருக்கும்.

கான்ஃபிக் சர்வரே விழுந்துவிட்டால்? யாரைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனுக்கு ஒன்றும் ஆகாது, மதிப்புகள் மெமரியில் இருக்கின்றன. சர்வர் விழுந்திருக்கும்போது அப்ளிகேஷன் ரீஸ்டார்ட் ஆனால், கிளையன்ட் முன்பு எடுத்து வைத்த பிரதியை டிஸ்கிலிருந்து படிக்கும். வழக்கமாக ஆப்ட் டேட்டா ஃபோல்டருக்குள், ஆப் ஐடி பெயரில், கான்ஃபிக் கேஷ் என்ற இடத்தில். திறந்து பார்த்தால் சாதாரண ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு, அவசரத்தில் கண்ணால் படித்துச் சரிபார்க்கலாம். அழகான ஏற்பாடு, ஆனால் பழைய மாதிரி நிரந்தர மெஷின்களை மனதில் வைத்துச் செய்தது. பாட் செத்தால் அதன் டிஸ்கும் போய்விடும். எங்கள் கன்டெய்னர்களில் பாதுகாப்புக்காக ஃபைல் சிஸ்டமே எழுத முடியாதபடி பூட்டியிருந்தது, கேஷ் ஒரு நாள்கூட எழுதப்பட்டதில்லை, லாக்கில் வந்த எச்சரிக்கையை நாங்கள்தான் கவனிக்கவில்லை. கேஷும் இல்லை, சர்வரும் இல்லை என்றால் அப்ளிகேஷன் எழாமல் நிற்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஜாருக்குள் இருக்கும் மதிப்புகளை வைத்துக்கொண்டு எழுந்துவிடும். ஜாரில் அந்த 30000 இன்னும் இருந்தது! சோதனைச் சூழலில்தான் கண்டுபிடித்தோம், அதுவரை நல்லது. இப்போது கேஷுக்குத் தனி வால்யூம் கொடுத்து அந்த இடத்தைக் கிளையன்டுக்குச் சொல்லியிருக்கிறோம், புதிய பதிப்புகளில் குபெர்னெட்டீஸ் கான்ஃபிக்மேப்பிலேயே கேஷ் வைக்கும் வசதியும் வந்திருக்கிறது. ஜாரில் இருக்கும் மதிப்புகளைப் பாதுகாப்பான மதிப்புகளாகத் திருத்தினோம். அப்போலோவில் இருப்பது ஜாரில் இருப்பதை எப்போதும் வெல்லும் என்பதால் ஜாரில் இருப்பதை மறந்துவிடுகிறோம், மறக்கக் கூடாது.

பாஸ்வேர்டுகள் விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். அப்போலோ மதிப்புகளை டேட்டாபேஸில் அப்படியே வைக்கிறது, அதற்கென்று சொந்த என்கிரிப்ஷன் கிடையாது. அதைவிட முக்கியம், முன்னிருப்பாக ஆப் ஐடி தெரிந்த யாரும் கான்ஃபிக் சர்வீஸின் எச்டிடிபி முகவரியைக் கூப்பிட்டு எல்லா மதிப்பையும் எடுத்துவிடலாம். நான் சம்பந்தமே இல்லாத ஒரு மெஷினிலிருந்து கர்ல் அடித்துப் பார்த்தேன், மொத்தமும் ஜேசனாக வந்து விழுந்தது. 1.6இலிருந்து ஆக்ஸஸ் கீ இருக்கிறது, போர்ட்டலில் ஆப்புக்கு ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக் கிளையன்டில் கொடுத்தால் கையெழுத்திட்ட கோரிக்கைக்கு மட்டுமே பதில் வரும். அதை முதல் நாளே இயக்குங்கள். அப்படி இயக்கினாலும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அங்கே வைக்க வேண்டாம், அதற்கு வேறு பெட்டகம் இருக்கட்டும்.

போர்ட்டலைப் பற்றி நல்லதாக நிறையச் சொல்லலாம். திருத்தும் உரிமையும் வெளியிடும் உரிமையும் தனித்தனி, சூழல் வாரியாகவும் பிரிக்கலாம். ப்ரொடக்‌ஷனில் ஒருவர் திருத்தினால் வேறொருவர்தான் வெளியிட வேண்டும் என்று பூட்டும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, முன்னிருப்பில் அணைந்திருக்கும், 800எம்எஸ்ஸுக்குப் பிறகு அதைப் போட்டுவிட்டோம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பும் பின்பும் என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும், திரும்பப் போக ரோல்பேக். க்ரே ரிலீஸ் என்று ஒன்று, முதலில் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸுக்கு மட்டும் புது மதிப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விரிக்கலாம். முதலில் இதை ஐபி வைத்துத்தான் செய்ய முடியும், பாட் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் எங்களுக்குப் பயன்படவில்லை, 2.0இலிருந்து லேபிள் வைத்தும் செய்யலாம், இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் ஒரு பாட் லேபிளோடு நிற்கிறது. பொது நேம்ஸ்பேஸும் கைகொடுக்கிறது. எல்லா சர்வீஸுக்கும் பொதுவான காஃப்கா முகவரியை ஒரே இடத்தில் எழுதி, யாருக்காவது மட்டும் வேறு வேண்டுமென்றால் அந்த ஆப்பில் மட்டும் மேலெழுதிக்கொள்ளலாம்.

குறை என்றால், பேச்செல்லாம் சீன மொழியில் நடக்கிறது. ஆவணங்களுக்கு ஆங்கில வடிவம் இருக்கிறது, போர்ட்டலும் ஆங்கிலத்தில் வரும், ஆனால் உங்கள் எரரைத் தேடிப் போனால் பதில் இருக்கும் இடம் பெரும்பாலும் சீனத்தில்தான் இருக்கும். பிரவுசரின் மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளித்தோம், விடை கிடைக்காமல் போனதில்லை. அப்புறம் ஒரு மதிப்பு 20000 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று முன்னிருப்பு எல்லை. கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த எல்லையை முட்டினால் நீங்கள் கான்ஃபிக் அல்லாத எதையோ கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

இரண்டு மூன்று சர்வீஸ்கள்தான் இருக்கின்றன என்றால் இவ்வளவு பெரிய கட்டுமானம் வேண்டாம், ஸ்பிரிங் க்ளவுட் கான்ஃபிக் போதும், கிட்டோடு நிம்மதியாக இருங்கள். டிஸ்கவரியும் சேர்ந்து வேண்டுமென்றால் நாக்கோஸ். பல டீம்கள், பல சூழல்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கேள்வி வரும் இடம் என்றால் அப்போலோவை யோசிக்காமல் எடுக்கலாம்.

ஒன்பதாவது சர்வீஸ் அடுத்த மாதம் சேர்கிறது. இணைத்த கையோடு அதற்கும் மூன்று சோதனை வைத்திருக்கிறோம்: சோதனைச் சூழலில் கான்ஃபிக் சர்வீஸை அணைத்துவிட்டு அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்வது, அடுத்து கேஷையும் அழித்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்வது, கடைசியாக ஒரு எண் கீயில் வேண்டுமென்றே எழுத்தைப் போட்டு வெளியிட்டு அலர்ட் வருகிறதா என்று பார்ப்பது. மூன்றும் முடிந்த பிறகுதான் அது ப்ரொடக்‌ஷனுக்குப் போகும்.